அன்சார் நானாவின் பேணியும் எங்கள் கூரையும்

இல்லை என்று சொல்லத் தெரியாதவன் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அவன் தோட்டம் செய்யலாம், மாடு வளர்க்கலாம். எந்த மாடும் இன்னொரு மாட்டின் பிரியாவிடைக்குக் காசு கேட்டு வருவதில்லை. இது தெரியாமல் நான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். கப்பலில் வரும் சாமான்களை வெளியே எடுப்பதற்கான காகித வேலைகளைச் செய்து கொடுக்கும் சின்னக் கந்தோர் அது.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் அங்கே இருந்தோம். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொங்கல், பெருநாள், வெசாக், நத்தார் எல்லாம் எங்களுக்கு வந்தன. போதாததற்குக் கலியாணம், செத்தவீடு, சாமத்திய வீடு, இடமாற்றம், கோயில் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் காசு சேர்க்கும் பேணி வரும்.

பேணியைக் கொண்டு வருபவர் அன்சார் நானா. கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் தலைமை எழுதுவினைஞர். தங்கமான மனிதர், அதுதான் பிரச்சினையே. கெட்டவர் என்றால் கோபித்துக்கொண்டாவது தப்பலாம். அது மூடி தொலைந்த பழைய பிஸ்கட் பேணி. அதில் சில்லறை விழுந்தால் 'டங்' என்று கந்தோர் முழுக்கக் கேட்கும். தாள் விழுந்தால் சத்தமே வராது. ஆகவே எல்லோரும் தாள்தான் போடுவோம். நானா வாய் திறந்து காசு கேட்க மாட்டார். பேணியை மேசையில் வைத்துவிட்டு, "மகள் எப்பிடி? சளி சுகமாகிட்டா?" என்று விசாரித்தபடி நிற்பார். தாள் விழும்வரை நிற்பார். முதலில் எல்லாம் நான் யாருக்கு, எதற்கு என்று கேட்டுத்தான் போட்டேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். பேணியைக் கண்டால் கை தானாகவே சட்டைப்பைக்குள் போய்விடும்.

என் மனைவி வதனிக்குத் தையல் தெரியும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் பூட்டிய மெஷின் ஒன்று வாங்கினால் தெருவுக்கே தைத்துக் கொடுக்கலாம் என்று மாதக் கணக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம்தான் தேவை. சம்பள நாள் காலையில் வாசல் படலையடியில் நின்று சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, இந்த மாசம் அந்தப் பேணிக்குள்ள ஒரு சதம் விழுந்தாலும் நீங்கள் நானாவோடயே கிண்ணியாவுக்குப் போங்கோ. இஞ்சை வரவேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். உப்புவெளியில் இருக்கும் அந்த வீடு அவளுடைய சீதனம். (நான் அதில் இருக்கிறேன், அவ்வளவுதான்.)

அன்று மத்தியானமே பேணி வந்தது. மனேஜரின் மைத்துனர் கனடா போகிறாராம், அதற்கு ஒரு பிரியாவிடை. அந்த மைத்துனரை நாங்கள் யாரும் கண்டது கிடையாது.

"நானா, இந்த முறை ஏலாது" என்றேன். ஒரு காரணம் சொல்லாவிட்டால் மானம் போய்விடும் போல இருந்தது. "வீட்டில கூரைக்கு மேல தேங்காய் விழுந்திட்டுது."

இது பொய்யில்லை. தேங்காய் விழுந்ததுதான். விழுந்தது கோழிக்கூட்டின் கூரையில்.

நானாவின் முகம் கறுத்துவிட்டது. "அல்லாவே! புள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை நானா. கடவுள் காப்பாத்தினது."

"கூரைச் சீற் கனக்க ஒடஞ்சிட்டா?"

'கோழிக்கூடு' என்ற ஒரு சொல்லை அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நானோ பெருமூச்சு விட்டு, "ஓம், கொஞ்சம் கூடத்தான்" என்றேன். பேணி என்னைத் தாண்டிப் போனது. கந்தோரில் சேர்ந்த நாள் முதல் அது என்னைத் தாண்டிப் போனதே இல்லை. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்குள் தேங்காய் தென்னைமரமாக வளர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது காவலாளி என் கையைப் பிடித்து, "இப்ப எங்க ஐயா படுக்கிறியள்?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். (நடிப்பும் எனக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.)

மறுநாள் காலையில் மீண்டும் பேணி வந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். எதிர்மேசை சுனிலின் பார்வையே சரியில்லை. பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். யாரோ உப்புவெளிப் பக்கம் வந்து கூரையைப் பார்த்திருக்கிறார்கள். கை தன் பாட்டில் சட்டைப்பைக்குள் போனது. வதனியின் மெஷினுக்கென்று வைத்திருந்த ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டேன்.

நானாவின் கண்கள் கலங்கிவிட்டன. "பாருங்க! இந்த நெலமையிலயும் போடுறாரு. தம்பி, இது ஒங்கட கூரைக்குத்தான்!"

கந்தோர் முழுக்க என்னைப் பார்த்து உருகியது. என் கூரைக்கு நானே ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன், அதுவும் உடையாத கூரைக்கு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நானா விடவில்லை.

"ஒண்டும் பேசவாணாம். சீற்றுக்குச் சொல்லியாச்சு. நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே? எல்லாரும் லொறியில வாறம். சிரமதானமா ஒரே நாள்ல போட்டுத் தாறம்."

வீட்டுக்கு வந்து வதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தைப்பதை நிறுத்தினாள்.

"விழுந்தது கோழிக்கூட்டில. கோழியே எழும்பிப் பார்க்கேல்லை" என்றாள். "இப்பவே போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ."

எடுத்தேன். "நானா..." என்றேன். அவர், "கவலப்படாதீங்க தம்பி, சுனிலும் ஏணியோட வாறான்" என்றார். நான், "சரி நானா" என்று வைத்துவிட்டேன். வதனி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இரவு முழுக்க யோசித்ததில் விடியும்போது ஒரு வழி தோன்றியது. கூரையில் உடைவு இல்லை என்பதுதானே பிரச்சினை? லொறி வருவதற்குள் குசினிக் கூரையில் இரண்டு சீற்றைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டால் மானம் தப்பும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். கிணற்றடியில் நின்ற வதனி கண்டுவிட்டாள்.

"என்ர அப்பா போட்ட கூரையில கை வைச்சியளோ, தெரியும்!"

கை வைக்கவில்லை. கால் வைத்தேன். வெயிலில் காய்ந்துபோன பழைய சீற். 'படார்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் என் இடது கால் குசினிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பு கழன்று பிட்டுப் பானைக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே இருந்த மகள், "அம்மா, அப்பாவின்ர கால் வந்திட்டுது!" என்று கத்தினாள்.

லொறி வந்து நின்றது அந்த நேரத்தில்தான்.

சீற், ஏணி, சுத்தியல், மத்தியானச் சமையலுக்கு அரிசியும் கோழியும் என்று கந்தோரே இறங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு காலைக் கூரைக்குள் விட்டுக்கொண்டு நான் அவர்களைக் குனிந்து பார்த்தேன். மரியாதைக்குச் சிரித்தும் வைத்தேன்.

"தம்பி," என்றார் நானா மெதுவாக, "கூர நல்லாத்தானே இரிக்கு?"

வதனி முன்னால் வந்தாள். "நானா, தேங்காய் விழுந்தது அந்தா அந்தக் கோழிக்கூட்டில. வீட்டுக் கூரையில விழுந்தது இவர்தான்."

வேலை போய்விட்டது, நாளை முதல் எந்த முகத்தோடு அந்த மேசையில் இருப்பேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானா சாரத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அப்ப ஏன் தம்பி, ஏலா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான் நானா. சொன்னாலும் நீங்கள் போகமாட்டியள். மேசையடியில நிப்பியள். எனக்குப் பயமாக் கிடக்கும்."

பின்னாலிருந்து சுனிலின் குரல் வந்தது. "எனக்கும் பயம்தான் நானா. போன மாசம் கடன் வாங்கித்தான் போட்டது." அவன் சொன்னதும் தட்டெழுத்துப் பிள்ளை "எனக்கும்" என்றாள். பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். மனேஜரின் மைத்துனரைக் கூட விடவில்லை.

நானா லொறியின் படியில் இருந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அட மக்காள்! பேணிய வச்சிரிக்கிறவன் முதல்ல போடோணும், தெரியுமா? ஒவ்வொரு முறையும் முதல் தாள் என்ட. எனக்கும் ஏலாதான். பேணிய ஆத்துல வீசிட்டு வாங்க எண்டுதான் ஊட்டுல சொல்றாவ. நீங்கெல்லாம் விருப்பத்தோட போடுறீங்க எண்டு நெனச்சிட்டேன்."

அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். கால் கூரைக்குள், தொடையில் சிராய்ப்பு, ஆனால் நெஞ்சில் பாரமே இல்லை. கீழே நின்ற முகங்களிலும் அதே நிம்மதி தெரிந்தது. ஒருவருக்கொருவர் பயந்து, ஒருவரும் விரும்பாத காசை இத்தனை காலமும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

என்னை இறக்கவே நாலு பேர் தேவைப்பட்டார்கள். கொண்டுவந்த சீற்றில் இரண்டை நான் உடைத்த இடத்துக்குப் போட்டார்கள். ஒன்றைக் கோழிக்கூட்டுக்குப் போட்டார்கள். மிச்சத்தைக் கடைக்காரர் திருப்பி எடுத்து, அவரவர் காசு அவரவருக்குப் போனது. என் ஆயிரம் ரூபாயை நானா வதனியின் கையில்தான் கொடுத்தார், என் கையில் கொடுக்கவில்லை. மெஷின் வந்தது. அந்த வருடம் தெருப் பிள்ளைகள் எல்லோரும் வதனி தைத்த சீருடைதான் போட்டார்கள்.

அதன் பிறகு பேணி மேசை மேசையாக வருவதில்லை. தேத்தண்ணி ஊற்றும் இடத்தில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். விரும்பியவர் போடலாம், யாரும் பார்ப்பதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், உண்மையான கஷ்டம் என்று வந்தால் அது முன்னைவிட நிறைந்துவிடுகிறது.

வீட்டில்தான் என் மானம் இன்றுவரை திரும்பி வரவில்லை. கோயிலில் தட்டு வந்தாலும், பஸ்சில் யாராவது உண்டியல் குலுக்கினாலும் மகள் என் காதுக்குள், "அப்பா, ஆருக்கெண்டு கேட்டிட்டுப் போடுங்கோ" என்பாள். வதனி மற்றப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

போன மாதம் அன்சார் நானா ஓய்வு பெற்றார். கடைசி நாள் தேத்தண்ணி ஊற்ற வந்தவர் சீனிப் போத்தலடியில் பேணி நிறைந்திருப்பதைக் கண்டார். அது அவருடைய பிரியாவிடைக்கு என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பழைய பழக்கத்தில் அவருடைய கை சட்டைப்பைக்குள் போய், ஒரு தாளோடு வெளியே வந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

"நானா, ஆருக்கெண்டு கேட்டிட்டுப் போடுங்கோ."