டிஷ்வாஷரில் குளித்த தோசைக்கல்

வீட்டு வேலையில் உதவும் ஆண்களில் சொன்னதைச் செய்பவர்கள் ஒரு வகை. சொல்லாததைச் செய்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரை வீடு சீக்கிரம் மறந்துவிடும். இரண்டாம் வகையினரைப் பற்றிச் சொந்தபந்தம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். நான் இரண்டாம் வகை.

என் தம்பி பிரகாஷுக்குத் திருச்செங்கோட்டில் பெண் பார்த்திருந்தோம். பெண்ணின் அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் மூத்தவன் நான்தான். தம்பியின் கல்யாணம் என் கையில். (இதை நினைத்தால் பிரகாஷுக்கு இப்போதும் வியர்க்கும்.)

அப்போதுதான் நான் அடம்பிடித்து டிஷ்வாஷர் வாங்கியிருந்தேன். என் மனைவி சுமதி அதில் டம்ளர்களை மட்டும் போடுவாள்; மற்றதெல்லாம் கையால்தான். எனக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் சாமான் வாங்க செவ்வாய்ப்பேட்டை போன நேரம் பார்த்து இரும்பு தோசைக்கல், பணியாரக்கல், வடச்சட்டி மூன்றையும் மெஷினுக்குள் அடுக்கினேன். இருப்பதிலேயே அதிகச் சூடு எதுவோ, அந்தப் பொத்தானை அமுக்கினேன். அந்தக் கல்லை அவள் வருஷக்கணக்கில் எண்ணெய் காட்டிப் பழக்கியிருந்தாள். கன்னங்கரேலென்று மின்னும். அதை நான் அழுக்கு என்று நினைத்தேன். (பி.இ. படித்தவன்.) காலையில் அவளை அசத்த வேண்டும் என்று மெஷின் ஓய்ந்த பிறகும் கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் விருந்தாளிகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

"ஏங்க, நான் கேசரி குடுக்கறேன். நீங்க கல்ல அடுப்புல வைங்க" என்றாள் சுமதி.

மெஷினைத் திறந்தேன். மூன்றும் செம்மண்ணில் புரண்டு எழுந்ததுபோல இருந்தன. விரலால் தொட்டேன்; விரல் சிவந்தது. கம்பி நாரால் பரபரவென்று தேய்த்து, எண்ணெயைக் கொட்டி, மாவை ஊற்றினேன். முதல் தோசை கல்லோடு ஐக்கியமானது. இரண்டாவது கழன்று வந்தது, அழகான ஆரஞ்சு நிறத்தில். நான் யோசிப்பதற்குள் பிரகாஷ் அதைத் தட்டில் வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

"ஏனுங்க, தக்காளித் தோசைங்களா?" பெண்ணின் அப்பா குரல் கொடுத்தார்.

"ஆமாங்க!" என்றது என் வாய். என்னைக் கேட்கவே இல்லை.

"நல்லாருக்குதுங்க. இன்னொன்னு போடுங்க சாமி."

போட்டேன். அதையும் பிரகாஷ் கொண்டுபோனான். பக்குவம் கேட்கலாம் என்று பெண்ணின் அம்மா சமையலறைக்கே வந்துவிட்டார். அடுப்பில் சிவந்த கல். பக்கத்தில் பால்போல வெள்ளை மாவு. நடுவில் வேட்டியெல்லாம் செங்கறையோடு நான்.

"தக்காளி எங்கீங்க?"

நான் மாவைப் பார்த்தேன். பின்னாலேயே வந்த சுமதி கல்லைப் பார்த்தாள். திட்டவில்லை. "என் கல்லு..." என்று மட்டும் சொன்னாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

"மெசின்லயா போட்டீங்க?" என்று கேட்ட அந்த அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கூடத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஏனுங்க, அந்தத் தோசைய வெச்சுருங்க! அது கல்லுத் துருங்க!"

"ரெண்டும் தின்னுபோட்டனே!" என்றார் அவர். பிறகு மெதுவாக, "ஊசி கீசி போடோணுங்களா?"

பிரகாஷின் முகம் மாவைவிட வெளுத்திருந்தது. இந்த இடமும் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வடச்சட்டிக்கும் அதே கதி என்பதால் சுமதியோடு சேர்ந்து குக்கரில் ரவை உப்புமா கிண்டினார். எல்லோரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது பெண்ணின் அப்பா என் தோளைத் தட்டினார்.

"பொய் சொல்லத் தெரியாத ஊடுங்க இது. சொன்ன கையோட மாட்டிக்கறீங்க. புள்ளைய தைரியமாக் குடுக்கலாமுங்க."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கல்தான் என்னை லேசில் மன்னிக்கவில்லை. வெங்காயம் தேய்த்து, எண்ணெய் தடவி, சுமதி அதை மறுபடி பழக்கி முடிக்கும்வரை எனக்குத் தினமும் கோதுமைக் கஞ்சிதான்.

இப்போது தம்பியின் மகள் பேசப் பழகுகிறாள். வீட்டில் எல்லோரும் என்னைக் காட்டி, "துருப் பெரியப்பா சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் வாயில் அவ்வளவு நுழையவில்லை. "துருப்பா" என்கிறாள். நான் திருத்தப் போனால், சுமதி குழந்தை கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து, "இன்னொருவாட்டி சொல்லு கண்ணு" என்கிறாள்.