வீரசிங்கத்தின் தவக்காலம்

ஆண்டனிராஜ் சாரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வருசா வருசம் தவக்காலம் வந்தால் நாற்பது நாளைக்கு எதையாவது ஒன்றைத் தவறாமல் விட்டுவிடுவார். போன வருசம் பாகற்காயை விட்டார். அதற்கு முந்தின வருசம் சுரைக்காய். அதற்கும் முந்தி ஒரு வருசம், மாமனார் வீட்டுக்குப் போவதையே விட்டார். பிடித்ததைத்தான் விட வேண்டும் என்று சாமியார் பூசையில் படித்துப் படித்துச் சொல்லுவார். "எனக்குப் பாகக்கான்னா உசுருங்க, வெளிய காட்டிக்கிறதில்ல" என்பார் இவர். உசுரோ மசுரோ, அவர் தட்டில் ஒதுக்கிய பாகற்காயைப் பத்தொன்பது வருசமாக அள்ளிக் கொட்டுகிற பெண்டாட்டி மரியசெல்விக்குத் தெரியாதா?

இந்த வருசம் அந்த வித்தை பலிக்கவில்லை. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு நாலு நாள் இருக்கிறது. சனிக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னியை ஊற்றிக்கொண்டே அவள் சாவகாசமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவ அந்தப் போன் கேமை விட்ருங்க."

ஆண்டனிராஜ் வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே போட்டார்.

அது சாதாரண கேம் இல்லை. ஆளுக்கொரு வேசம் கட்டிக்கொண்டு ஆன்லைனில் கூட்டமாக ஆடுகிற ஆட்டம். வெளியே ஆண்டனிராஜ் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சர்க்கரை உண்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், எட்டாம் வகுப்பு பி பிரிவு அவரை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. போனுக்குள் போய்விட்டாலோ அவர் வீரசிங்கம். பத்தடி உயரம், தோளில் புலித்தோல், கையில் ரெட்டைக் கோடாலி. "வாங்க சார், வாங்க சார்" என்று வரவேற்க 'பூட்டுப்படை' என்றொரு எட்டுப் பேர் படை. போன வருசம் டெங்கு வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தபோது, நேரில் முகம் பார்க்காத அந்தப் பிள்ளைகள்தான் தினமும் "எந்திரிச்சிட்டீங்களா சார்?" என்று விசாரித்தார்கள். பெற்ற தாயைத் தவிர வேறு யார் இப்படி விசாரித்திருக்கிறார்கள்? நினைத்தாலே அவருக்கு மனசு நிறைந்துவிடும். அந்தப் படையை விட்டு நாற்பது நாள் இருப்பதா?

"அதெப்புடி விடுறது? அது வெளையாட்டு இல்லடி, திறம."

"வெரலை வச்சுத் தேச்சுக்கிட்டே இருக்கிறதுல என்ன திறம?"

"கணக்கு வேணும். கண்ணு வேணும். நொடியில முடிவெடுக்கணும்."

"நொடியில முடிவெடுக்கிற ஆளுதான் போன வாரம் மார்க்கெட்டுல நின்னுக்கிட்டு, கத்தரிக்காயா வெண்டைக்காயான்னு நாலு தடவ போன் போட்டீங்களாக்கும்?"

"அது வேற."

"என்ன வேற?"

"வெண்டைக்கா என்னைய வெட்ட வராதுல்ல!"

மரியசெல்வி சிரிக்கவில்லை. ஆண்டனிராஜ் வகுப்பில் பேசுகிற குரலுக்கு மாறினார்.

"தவக்காலத்துல சொகத்தைத்தான் விடச் சொல்லியிருக்கு. திறமைய விடச் சொல்லல. பாட்டு வாத்தியாரு நாப்பது நாளு பாடாம இருப்பாரா? அம்புட்டு ஏன், நீ நாப்பது நாளு சமைக்காம இருப்பியா?"

"ஓ, இருப்பேனே. இருக்கட்டுமா?"

இந்த உதாரணத்தை அவர் அவசரமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அப்போதுதான் அவர் மூளையில் ஒரு யோசனை பளிச்சென்று எரிந்தது. அவர் யோசனைகள் எப்போதும் பளிச்சென்றுதான் எரியும், பிறகுதான் ஃபியூஸ் போகும்.

"பந்தயம் வச்சுக்குவோம். நாளைக்கு மூணு மணிக்குக் கருங்கோட்டைச் சண்ட. நீயே ஆடு. சும்மா வெரலைத் தேச்சே கடைசி வரைக்கும் விழாம நின்னுட்டன்னா, அது திறம இல்ல, நான் நாப்பது நாளு போனைத் தொடல. நிக்க முடியலன்னா, திறம வேணும்னு ஒத்துக்கிட்டு என்னைய விட்ரணும். சரியா?"

"சரிங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி அவர் பார்த்ததில்லை.

அவர் போட்ட கணக்கு இதுதான். இவளால் மூன்று நிமிசம் தாங்க முடியாது. விழுந்த வீரன் இரண்டு நிமிசத்தில் மறுபடி எழுந்துவிடுவான். மொத்தம் ஐந்து நிமிச நட்டம். அதற்குள் பந்தயமும் ஜெயித்துவிடும், போனும் கைக்கு வந்துவிடும், மிச்சச் சண்டையை அவர் பார்த்துக்கொள்வார்.

அவர் மனைவியிடம் சொல்லாத சங்கதி ஒன்றும் இருந்தது. கருங்கோட்டையைப் பதினொரு மாசமாகப் பூட்டுப்படையால் பிடிக்க முடியவில்லை. காரணம் வீரசிங்கம்தான் என்று படையில் ஒரு பேச்சு. சண்டை தொடங்கியதும் கோடாலியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடுவார், முதல் ஆளாகச் சாவார். போன வாரம் படைத்தலைவன் சேக் பரீது கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிவிட்டான். பேகம்பூரில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற பையன், ரொம்ப மரியாதைக்காரன். "தப்பா எடுத்துக்கிறாதீங்க சார். இந்த ஞாயித்துக்கிழமையும் கோட்ட கெடைக்கலன்னா, உங்க எடத்துக்கு வேற ஆளு பாக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க." ஆண்டனிராஜுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தவக்காலத்துக்கு முந்தின கடைசி ஞாயிறு, இனி நாற்பது நாள் கறி கிடையாது என்பதால் அய்யலூர் ஆட்டுக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மணி மூன்றடிக்க ஐந்து நிமிசம் இருக்கும்போது ஆண்டனிராஜ் பாடம் நடத்தினார். ஒரே மூச்சில்.

"இது அடி, இது தடு, இது தாவு, இது குத்து, ரெண்டையும் சேத்து அமுக்குனா சொழட்டு, இதத் தொட்டா பை, பைக்குள்ள மருந்து, மருந்து தீந்தா இது, வெளங்குச்சா?"

"கொழம்புல உப்பு பாத்தீங்களா?" என்றாள் மரியசெல்வி.

வெற்றி நிச்சயம் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். கோட்டை வாசல் தெரிந்தது. போனிலிருந்து ஏகப்பட்ட குரல்கள். "ரெடியா? ரெடியா?"

"யாருப்பா பேசுறது?" என்று கேட்டாள்.

சேக் பரீது தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார்... தொண்ட எதும் கட்டிக்கிருச்சா?"

"சார் இல்ல தம்பி. சாரோட வீட்டுக்காரம்மா. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. நடக்குறதுக்கு எதத் தொடணும்?"

ஏழு பேரும் ஏக காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்டனிராஜுக்குத் திக்கென்றது. பதினொரு மாசத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

"பொறுங்க, பொறுங்க. ஒவ்வொருத்தரா பேசுங்க. இங்கன யாருக்கு என்ன வேல?"

"எல்லாருக்கும் அடிக்கிற வேலதாங்கக்கா."

"எல்லாரும் அடிச்சா, பின்னாடி வாறவன யாரு பாக்குறது?"

ஆளாளுக்கு அடுத்தவர் பேரைச் சொன்னார்கள்.

மரியசெல்விக்கு விசயம் விளங்கிவிட்டது. அவள் பங்குக் கோயில் திருவிழாவில் பன்னிரண்டு வருசமாக அன்னதானச் சமையலைக் கட்டி மேய்க்கிறவள். இருபது ஆடு, நாற்பது அண்டா, ஆயிரக்கணக்கில் இலை. "எங்க கோயில்லயும் இதே கூத்துதான் தம்பி" என்றாள். "பிரியாணி அண்டாகிட்ட கரண்டியோட நிக்க அம்பது பேரு வருவாங்க. வெங்காயம் உரிக்க ஒரு ஆளு வராது. சரி, யாருக்கு அவசர சோலி இருக்கு?"

"எனக்குத்தாங்கக்கா" என்றான் காத்தமுத்து. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. "நாலு மணிக்கு மில் பஸ் வந்துரும்."

"அப்ப நீ மொதல்ல போ அப்பு. கூட ரெண்டு பேரக் கூட்டிக்க. மேக்கு வாசலை ஒடைச்சுக் குடுத்துட்டுக் கெளம்பு. பரீது தம்பி, நீங்க தலைவரு, நீங்க எதுக்கு ஓடுறீங்க? நடுவுல நின்னு எல்லாரையும் பாருங்க. காயம் பட்டா மருந்து போடுறது யாரு?"

"நாந்தான்கா, ஜீவிதா. தாடிக்கொம்புலருந்து பேசுறேன்" என்று ஒரு சின்னக் குரல். "ஆனா எல்லாரும் என்னைய விட்டுட்டு ஓடிர்றாங்க. அதுலயும் வீரசிங்கம் சாரு இருக்காருல்ல..."

"தெரியும்மா. கல்யாணத்தன்னைக்கே கோயில்லருந்து என்னைய விட்டுட்டு மொத ஆளா வெளிய போனவரு. நீ பயப்படாத. நான் ஒன் பக்கத்துலயே நிக்கிறேன், நகர மாட்டேன்."

அப்படியே நின்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக வீரசிங்கம் ஓரிடத்தில் நின்றார். நாற்காலிக்குப் பின்னால் ஆண்டனிராஜ்தான் நிலைகொள்ளாமல் குதித்தார்.

"அடி! அடிடி! ஓடு! அந்தா வாறான் பாரு!"

"வரட்டும். கிட்ட வந்தா அடிச்சுக்கிறேன். நீங்க போயி செத்த கொழம்பக் கிண்டுங்க, அடி பிடிக்குது."

போனார். கிண்டினார். மூன்று நிமிசம் ஆனது. ஐந்து ஆனது. இருபது ஆனது. வீரசிங்கம் சாகவில்லை. கூடத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "அவசரப்படாத அப்பு... ஜீவிதா, அந்தத் தம்பிக்கு மருந்து போடு... ஆங், இப்பப் போங்க, எல்லாரும் போங்க!" பந்தயம் கைவிட்டுப் போவது ஆண்டனிராஜுக்குத் தெரிந்தது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், கரண்டியைப் பிடித்துக்கொண்டு மனுசன் தன் பெண்டாட்டி ஜெயிக்க வேண்டும் என்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குச் சில நிமிசம் முன்னால் மேற்கு வாசல் உடைந்தது. "நான் வாரேன்கா, பஸ்சு வந்துருச்சு!" என்று காத்தமுத்து கத்தினான். அடுத்த நிமிசம் போனிலிருந்து ஒரே கூச்சல். கருங்கோட்டை விழுந்துவிட்டது.

"அக்கா..." சேக் பரீது கத்தினான். "பதினோரு மாசம்கா! இதுதான்கா திறமை!"

ஆண்டனிராஜ் கரண்டியோடு ஓடி வந்தார். திரையில் வெற்றி பெற்றவர் பட்டியலில் வீரசிங்கம் பெயர் முதலாவதாக மின்னிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லப் பார்த்தார், சொல்லவில்லை.

"செல்வி, ரொம்ப நன்றி. இன்னைக்கும் தோத்திருந்தா என்னைய வெளிய அனுப்பியிருப்பாங்க. உன்கிட்ட சொல்லல."

"ஜீவிதாப் புள்ள சொல்லிருச்சு. அதான் விழாம பாத்துக்கிட்டேன். நல்ல புள்ளைங்கங்க எல்லாம். ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப விசாரிச்சதையும் சொல்லுச்சுக."

இப்படி ஒருத்தி வாய்க்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று அவர் மனசார நினைத்துக்கொண்டார். அப்புறம்தான் பந்தய ஞாபகம் வந்தது. மூளை பளிச்சென்று எரிந்தது.

"ஆனா ஒண்ணு. நீ வெரலைத் தேச்சு ஜெயிக்கல. ஆளுகள மேய்க்கிற திறமையாலதான் ஜெயிச்ச. பரீதே சொல்லிட்டான். அப்ப இந்த ஆட்டத்துக்குத் திறம வேணும்கிறது உண்மைதான?"

மரியசெல்வி கொஞ்சம் யோசித்தாள். "ஆமாங்க. ஒத்துக்கிறேன். நீங்க சொன்னதுதான் சரி."

நீங்க சொன்னதுதான் சரி! பத்தொன்பது வருசத்தில் இந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவளும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது எதுக்கு அங்க?"

"திறம வேணும்னுதான சொன்னீங்க? அப்ப திறம உள்ளவதான ஆடணும்? பரீது தம்பி அடுத்த வாரமும் நாந்தான் வரணும்னுருச்சு. நாளு முச்சூடும் பாக்க மாட்டேன், ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரந்தான்."

"அப்ப நானு?"

"ஒங்கள யாரு வேணாம்னா? அந்தக் கண்ணாடி ஒடைஞ்ச பழைய போன் கெடக்குல்ல, அதுல புதுசா சேந்துக்கங்க. முன்னாடி ஓடுறத மட்டும் இந்தத் தவக்காலத்துக்கு விட்ருங்க. அதுதான ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்சது?"

ஆண்டனிராஜ் முதன்முதலாகப் பிடித்த ஒன்றை விடப்போகிறார். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் கோபமும் வரவில்லை. படை மிச்சம், ஞாயிற்றுக்கிழமை மிச்சம், பக்கத்து நாற்காலியில் அவளும் இருப்பாள். இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும்?

அடுத்த ஞாயிறு. பழைய போனில் ஒரு ஒல்லிப் பையன் வேசத்தில், கையில் ஆயுதம்கூட இல்லாமல், தான் இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல், ஆண்டனிராஜ் கோட்டை வாசலில் நின்றார். பிடித்த கோட்டைக்கு விறகு சுமக்க ஆள் வேண்டியிருந்தது. மரியசெல்விதான் சிபாரிசு.

"ஆளு எப்படிக்கா? நம்பலாமா?" என்றான் சேக் பரீது.

"நல்ல மனுசன் தம்பி. கள்ளங்கபடம் கெடையாது. சொன்னா கேட்டுக்குவாரு."

"ரொம்ப நன்றி தம்பி" என்றார் ஆண்டனிராஜ், குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு.

"பழைய சாரு மாதிரி முன்னாடி ஓட மாட்டாருல்ல? சரிக்கா, உங்களுக்காக ஒரு மாசம் வச்சுப் பாப்போம்."