மோட்டார் பைக்கில் வந்த மாப்பிள்ளை

ஒரு காட்டில், சிங்கம் புலி உலவும் காடு அல்ல, கொங்குச் சீமையில் சோளமும் கடலையும் விளைகிற நிலத்தையும் காடு என்றுதான் சொல்வார்கள், அப்படி ஒரு காட்டில், மயிலை என்றொரு பொலிகாளை இருந்தது. சுற்றுவட்டாரப் பசுக்களைச் சினையாக்குவது அதன் உத்தியோகம். பசு கத்த ஆரம்பித்தால் ஓட்டிக்கொண்டு வருவார்கள். காரியம் முடிந்ததும் மயிலைக்குப் பருத்திக்கொட்டை கிடைக்கும். உலகத்தில் உயிர்கள் பெருகுவதே தன் பின்னங்கால் பலத்தில்தான் என்று அது மனப்பூர்வமாக நம்பியது.

அப்புறம் மாட்டு டாக்டர் மோட்டார் பைக் வாங்கினார். பின்னால் ஒரு குடுவையைக் கட்டிக்கொண்டு வந்தார். சினை ஊசி என்றார்கள். எந்த ஊர்க் காளையோ, முகம் தெரியாதவன், அதற்குள் உறைந்து கிடந்தான்.

"நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு அந்த ஊசி?" என்று தொழுவத்தில் இருந்த செவலைப் பசுவிடம் மயிலை கேட்டது.

"டாக்டரு வந்தாரு, கையை விட்டாரு, போனாரு. உன்னையாட்ட முதுகு மேல ஏறி நின்னு மூச்சு வாங்கறதில்ல. எனக்கு இடுப்பு வலி" என்றது செவலை, அசை போட்டபடி.

மயிலைக்குத் தீனி இறங்கவில்லை. நான் எதற்கு இருக்கிறேன் என்று யோசிக்க ஆரம்பித்தது. யோசிக்கிற காளை மெலிந்துவிடும். மெலிந்தது.

பண்ணையக்காரர் சென்னியப்பன் மனைவி ருக்மணியிடம் சொன்னார்: "வேலையில்லாம தின்னுட்டு நிக்குது. வர்ற சந்தையில லாரி ஏத்தி உட்டுறலாம்."

மலை தாண்டிப் போகும் அந்த லாரியில் ஏறிய மாடு எதுவும் திரும்பி வந்து பயணம் எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

"வேலையில்லாம தின்னா லாரி ஏத்தறதுன்னா, இந்த வீட்டுல இன்னும் ஒருத்தரையும் ஏத்தோணுமுங்க" என்றாள் ருக்மணி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை. சென்னியப்பன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

வேலியில் படர்ந்திருந்த பூசணிக்கொடியில் ஓர் ஆண்பூ சிரித்தது.

"என்னடா சிரிப்பு? உனக்குப் பொண்டாட்டி இருக்காளா?" என்றது மயிலை.

"இருக்காளுங்ணா. இதே கொடியில, அந்தக் கடைசில. பார்த்ததில்லீங்."

"பார்க்காமலேயே குடும்பமா?"

"தேனீ வருமுங்க. கால்ல ஒட்டற மகரந்தத்தக் கொண்டுபோயி அவகிட்டக் குடுத்துரும். எனக்கு அலைச்சல் மிச்சம்."

"மானங்கெட்டவனே! மூணாவது ஆளை விட்டு வமுசத்தை வளக்கறயா?" என்று திட்டிவிட்டு, மயிலை அந்தப் பூவைத் தின்றது.

அடுத்த முறை பைக் சத்தம் கேட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. குடுவை உருண்டு, மூடி கழன்று, வெள்ளைப் புகை கிளம்பியது. முகம் தெரியாத மாப்பிள்ளை ஆவியாகப் போனான். டாக்டர் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டார். மேலே இருந்து பார்த்தால்தான் ஒரு காளையின் முதுகு முழுசாகத் தெரியும்.

"அடேங்கப்பா, என்ன திமிலு!" என்று கிளையைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

"லாரி ஏத்தப் போறனுங்க" என்றார் சென்னியப்பன்.

"உங்களுக்குப் பைத்தியமா? எங்க உறைவிந்துப் பண்ணைக்குக் குடுங்க!"

உயிர் பிழைத்தது. பண்ணையில் மின்விசிறி, புண்ணாக்கு, தினசரிக் குளியல். மயிலை பசுவுக்காகக் காத்திருந்தது. கூட்டிப்போய் நிறுத்தியது ஓர் இரும்புச் சட்டத்தின் முன்னால். மேலே தோல் போர்த்தியிருந்தார்கள். தலை இல்லை, வால் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் ரப்பர் குழாயோடு நின்றான். மயிலை அந்தப் பூவை நினைத்தது. தின்றிருக்க வேண்டாம் என்று தோன்றியது. பிறகு லாரியை நினைத்தது. சட்டத்தின் மேல் ஏறியது.

டாக்டர் புதுக் குடுவையில் மயிலையையே அடைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். நாளாக ஆக மயிலைக்குச் சட்டத்தின் மேல் பிரியமே வந்துவிட்டது. இடுப்பு வலிக்கிறது என்று அது சொல்வதில்லை.

வருஷம் திரும்பியதும் ஒருநாள் சென்னியப்பன் அந்தப் பண்ணைக்கு வந்து வேலியில் சாய்ந்தார்.

"டவுன்ல கருத்தரிப்பு மையத்துக்கு வந்தோம்டா. அங்க டாக்டரம்மா என்ர கையில ஒரு டப்பாவக் குடுத்து ரூமுக்குள்ள விட்டுக் கதவச் சாத்திட்டாங்க. செவுத்துல முருகன் காலண்டரு. எப்படிடா?"

"சட்டமாவது இருந்துச்சுங்களா?"

"நாற்காலிதான்."

"ஐயோ பாவம்" என்றது மயிலை. காளை பேசுகிறதே என்று சென்னியப்பன் திகைக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு பேச்சுத்துணை தேவைப்பட்டது.

"செவலை கன்னு போட்டுருச்சு. உன்ர ஊசிதான். உன்னையாட்டவே திமிலு."

மயிலையின் காதுகள் நிமிர்ந்தன. "கன்னு என்னையக் கேட்டுச்சுங்களா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். "பைக் சத்தம் கேட்டாப் போதும், வாலைத் தூக்கிட்டு ஓடுது. டாக்டர் வண்டியோட டயரை நக்கிட்டே நிக்குது."

சென்னியப்பன் வேலிக்குள் கையை விட்டு மயிலையின் திமிலைத் தடவிக்கொடுத்தார்.

"ஏண்டா மயிலை, எனக்கொண்ணு பொறந்தா, அது யாரைப் பார்த்து ஓடும்?"

"அந்த டாக்டரம்மா எதுல வர்றாங்க?"

"காருல."

"அப்ப நீங்களும் சீக்கிரமா ஒரு காரு வாங்கீருங்க."

நீதி: விதை யாருடையதாக இருந்தாலும், வண்டி வைத்திருப்பவனே தகப்பன்.