ஜம்புவைக் கொல்லாதிருத்தல் தொடர்பாக

லக்ஷ்மிபாய் நகர்,
புது டெல்லி,
12-1-1986, ஞாயிறு.

மதராஸில் பத்திரிகை நடத்தும் மகாகனம் பொருந்திய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, டெல்லியிலிருந்து ராமசுப்ரமணியன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம், பெண் மூவரும் க்ஷேமம். என் விஷயத்தில் க்ஷேமம் என்பது இன்று காலை வரைக்கும் உள்ள நிலவரம் என்று வைத்துக்கொள்ளவும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய் நொடியில்லாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன். தங்களோடு எனக்கு நேரில் பரிச்சயம் இல்லை. தங்கள் பத்திரிகையில் 'ருக்கு துப்பறிகிறாள்' என்று வரிசையாக மர்ம நாவல் எழுதிவரும் சுந்தரவல்லியின் புருஷன் நான். அந்த நாவல்களில் ருக்குவின் புருஷனாக ஜம்பு என்று ஓர் அசடு வருகிறதே சார், அதுவும் நான்தான்.

ஜம்புவாக இருப்பதில் எனக்கு இதுவரை மனஸ்தாபம் இருந்ததில்லை. தீபாவளிக்குப் போட்ட குரங்குக் குல்லாயை ஹோலிக்குத்தான் கழற்றுவார் ஜம்பு. நானும் அப்படியே, டெல்லிக் குளிர் அந்த மாதிரி. ருக்கு கதவிடுக்கு வழியாகக் கொலைகாரனைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயத்தில் பின்னாலிருந்து "காபி ஆச்சா?" என்று கேட்பவர் ஜம்பு. கேட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கதவிடுக்கில் தெரிந்தது கொலைகாரன் இல்லை, மேல்மாடி சோப்ரா வீட்டுக்கு காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள். சாதாரண செக்ஷன் ஆபீசர் மனைவி ஒருத்தி, கையில் கத்தரிக்காய்ப் பையோடு குவார்ட்டர்ஸைச் சுற்றி வந்தே குற்றவாளிகளைப் பிடிக்கிறாள் என்பதுதான் இந்தக் கதைகளின் ருசி என்று தாங்களே ஒரு தடவை முன்னுரையில் போட்டிருந்தீர்கள். செக்ஷன் ஆபீசர் இல்லாமல் செக்ஷன் ஆபீசர் மனைவி ஏது சார்?

சென்ற வாரம் தங்கள் கடிதம் வந்தபோது நான் ரசஞ்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். சுந்தரவல்லி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கடிதமுமாக நின்று உரக்கப் படித்தாள். வாசகர்களுக்கு ருக்குவை ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் ஜம்பு கதையின் வேகத்துக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறார், எதிரியைத் துரத்திக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும் ஜம்புவுக்குச் சாதம் போட ருக்கு வீட்டுக்குத் திரும்பவேண்டியிருக்கிறது, ஆகவே பொங்கல் கழிந்து ஆரம்பிக்கும் புதிய தொடரின் முதல் அத்தியாயத்திலேயே ஜம்புவைக் கொன்றுவிடுங்கள், கொன்றது யார் என்று ருக்குவே கண்டுபிடிக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். படித்து முடித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. "நல்ல யோசனைதான்" என்றாள். எனக்கு ரசம் புரைக்கேறிவிட்டது.

கதைதானே, அதற்கு ஏன் இப்படிப் பதறுகிறான் இந்த மனுஷன் என்று தாங்கள் நினைக்கலாம். என் பெண் ராஜியும் அதையேதான் சொல்கிறாள். அவள் டெல்லியில் பிறந்தவள், அம்மா எழுதுவதில் ஒரு வரி படித்ததில்லை. "அப்பா, கஹானிதானே, சும்மா டர்ரிங்" என்று, வெறும் கதைக்கு நான் பயப்படுவதாகச் சொல்லிவிட்டு டெலிவிஷன் பார்க்கப் போய்விடுகிறாள். ஆனால் இவள் எழுதுவது பலிக்கிறது சார். முதல் நாவலில் பஜனை மடத்து ஆர்மோனியம் காணாமல் போயிற்று அல்லவா, அந்த இதழ் ரயிலேறி டெல்லி வந்த வாரத்தில் எங்கள் பஜனை சமாஜத்து ஆர்மோனியமும் காணாமல் போயிற்று. (ரிப்பேருக்குக் கொடுத்ததைக் காரியதரிசி மறந்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. இருந்தாலும் போனது போனதுதானே?) இரண்டாவது நாவலில் மேல்வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார், இங்கே சோப்ரா விழுந்தார், கால் முழுக்க மாவுக்கட்டு. சோப்ராவுக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது, ஆகையால் படித்துவிட்டுப் பயந்து விழுந்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஜம்புவுக்கு ஜலதோஷம் என்று எழுதிய வாரம் எனக்கு ஜலதோஷம். இந்த லட்சணத்தில் ஜம்பு செத்தான் என்று அச்சேறினால் என் கதி என்ன? தவிரவும் என் ஜாதகத்தில் இந்த வயதில் ஒரு கண்டம் இருக்கிறது. கும்பகோணத்து ஜோசியர் அப்போதே சொன்னார், தண்ணீரில் என்று நினைத்துக்கொண்டு யமுனைப் பக்கமே போகாமல் இருந்தேன், மதராஸிலிருந்து வரும் என்று கண்டேனா?

கடிதம் வந்த நாள் முதல் வீட்டில் ஆராய்ச்சி நடக்கிறது. குழம்பில் எதைக் கலந்தால் ருசி மாறாது என்று என்னிடமே கேட்கிறாள். அன்றிலிருந்து நான் ராஜி சாப்பிட்ட பிறகு, அவள் எடுத்துப் போட்டுக்கொண்ட பாத்திரத்திலிருந்துதான் மோர்சாதம் போட்டுக்கொள்கிறேன். முந்தாநாள் பரண்மேல் இருந்த ஹோல்டாலை இறக்கி ஹாலில் விரித்தாள். லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிற அதே ஹோல்டால்தான். "ஏன்னா, செத்த இதுல படுத்துக் காமியுங்கோளேன்" என்றாள். ஆளை உள்ளே வைத்து வாரைப் பூட்ட முடியுமா, ஸ்டேஷனுக்குக் கூலிக்காரன் தூக்கிப் போனால் சந்தேகம் வருமா என்று பார்க்கவேண்டுமாம். கட்டின பெண்டாட்டி கேட்கிறாளே என்று படுத்தேன். எனக்கு உயரம் ஜாஸ்தி, முழங்கால் வெளியே வந்துவிட்டது. அவள் என் காலை மடக்கி, வாரை இழுத்துக் கொக்கியைப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் திறந்திருந்த கதவு வழியாக மிஸஸ் சோப்ரா தயிருக்கு உறை வாங்க வந்து நின்றாள். "பஹன்ஜி, பாயி சாப் கஹீம் ஜா ரஹே ஹைம்?" என்று, அண்ணா எங்கேயாவது பிரயாணம் போகிறாரா என்று கேட்டாள். சுந்தரவல்லி கொக்கியை விடாமலே, கதையில் இவரைக் கொல்லவேண்டும் என்பதை ஹிந்தியில் சொன்னாள்: "கஹானி மே இன்கோ மார்னா ஹை." இவள் ஹிந்தியில் தப்பே கிடையாது. ஆனால் 'கஹானி' என்ற வார்த்தையின்மேல் குக்கர் விசில் அடித்துவிட்டது. மிச்சம் மட்டும்தான் மிஸஸ் சோப்ரா காதில் விழுந்தது. உறை வாங்காமலே போனாள். மறுநாள் பால் பூத்தில் என்னைக் கியூவுக்கு முன்னால் விட்டார்கள். ஒரு சர்தார்ஜி என் தோளைத் தட்டி, மனைவிமார்கள் எல்லாம் அப்படித்தான், அனுசரித்துப் போகவேண்டும் என்று புத்தி சொல்லி ஓர் ஆப்பிள் கொடுத்தார்.

உயிர்ப்பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதைக்காகவே பேசுகிறேன். ஜம்பு செத்தால் ருக்கு சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். ரூல் இருக்கிறது. சில மாதம் கெடு கொடுப்பார்கள், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் போனால் காலனி போயிற்று, காலனி போனால் துப்பறிய என்ன இருக்கிறது? அது போகட்டும். ருக்கு துப்புத் துலக்குவதெல்லாம் கொலுவுக்கும் வரலக்ஷ்மி நோன்புக்கும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போகிற வீடுகளில்தானே? ஜம்புவைக் கொன்றுவிட்டு அவளை யார் வீட்டில் கூப்பிடுவார்கள்? அப்படிக் கூப்பிடாமல் இருப்பது நியாயமா என்பது வேறு விஷயம். நம் ஜனங்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். இதை இவளிடம் சொன்னேன். "கூப்பிடாத ஆத்துலதான் கொலையே நடக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். இந்த மாதிரி ஒருத்தியோடு யார் வாதாட முடியும்?

ஆகவே ஒரு மாற்று ஏற்பாடு தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஜம்புவைக் கொல்வதற்குப் பதில் டிரான்ஸ்பர் செய்துவிடலாம். ஷில்லாங் உசிதம். வடகிழக்குக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் குடும்பத்தை டெல்லிக் குவார்ட்டர்ஸிலேயே விட்டுப்போக இப்போது உத்தரவு இருக்கிறது. குவார்ட்டர்ஸும் நிற்கும், குங்குமமும் நிற்கும், ஜம்புவும் சாதம் போடச் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து ஒரு காபி கேட்டுவிட்டுப் போய்விடுவார். இதை நான் சும்மா எழுதவில்லை, விசாரித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆபீசில் எனக்கு மேலதிகாரி அண்டர் செக்ரட்டரி ராஜகோபாலன். நாற்காலியில் மெத்தைமேல் மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் மேஜைக்கு மேலே தெரிவார். தங்கள் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவர், தங்கள் கடித விஷயமும் எப்படியோ தெரிந்து, தினமும் என்னைப் பார்த்து, "என்ன ஓய், இன்னும் இருக்கீரா?" என்று கேட்கிறார். அவரிடமே வெள்ளிக்கிழமை போய், ஒரு செக்ஷன் ஆபீசர் சுலபத்தில் வீட்டுக்குத் திரும்ப முடியாத ஸ்டேஷன் எது சார் என்று கேட்டேன். யோசிக்காமல் ஷில்லாங் என்றார். சாவதைவிட அது எவ்வளவோ தேவலை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாத்தான் சொல்றீரா?" என்று கேட்டார். பூரண சம்மதம் என்றேன். எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதையில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு.

ஒரு விஷயம் மட்டும் மனசு விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியம், மாவுக்கட்டு, ஜாதகம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி தூக்கம் வராமல் புரளுவது அதனால் இல்லை. முட்டுக்கட்டை என்று தாங்கள் எழுதியது வாசகர் அபிப்பிராயம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் இல்லாவிட்டால் கதை நன்றாக ஓடும் என்று அவளுக்கும் தோன்றிவிட்டதோ என்று நினைத்துத்தான் புரளுகிறேன். கேட்டுவிடலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் அவளைக் கேட்காமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

தாங்கள் தயைகூர்ந்து ஜம்புவுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து, மாற்றல் உத்தரவுக்கு ஆவன செய்யவேண்டும். இந்தக் கடித விஷயம் சுந்தரவல்லிக்குத் தெரியவேண்டாம். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தை பிறந்து தங்கள் பத்திரிகையும் பால்போலப் பொங்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற,
ராமசுப்ரமணியன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து கைப்பையில் வைத்துக்கொண்டே இன்று திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்விட்டேன். நல்லதாகப் போயிற்று. மேலே கண்ட கோரிக்கை அனைத்தையும் ரத்தானதாகக் கருதவும். ஷில்லாங் ஆபீசுக்குப் போக ஆள் கிடைக்காமல் ராஜகோபாலன் ரொம்ப நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாராம். நான் வெள்ளிக்கிழமை விசாரித்ததை என் சொந்த விருப்பமாக எடுத்துக்கொண்டு, 'தாமாகவே முன்வந்த' என்று ஒரு வார்த்தையும் சேர்த்து, என்னை ஷில்லாங்குக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐயா, அது கதைக்காகக் கேட்டது என்று எவ்வளவோ மன்றாடினேன். "ஷில்லாங்னா எல்லாரும் ஏதாவது ஒரு கதை சொல்றேள்" என்று சிரித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உத்தரவைச் சுந்தரவல்லியிடம் கொடுத்தேன். இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டையும் படித்தாள். நீ இங்கேயே இரு, ரூல் இடம் கொடுக்கிறது, ஜம்புவும் தொலைந்தான், ஆசிரியர் இஷ்டப்படியே நடந்துவிட்டது என்றேன். அவள் மறுபடி ஹோல்டாலை எடுத்து விரித்து, அதில் என் குரங்குக் குல்லாய், மஃப்ளர், அவளுடைய கம்பளி, வெள்ளைக் காகிதக் கட்டு எல்லாவற்றையும் வைத்தாள். ராஜிக்குப் பரீட்சை முடிந்ததும் மூன்று பேருமாகக் கிளம்புகிறோம் என்றாள். "ஆத்துல நீங்க காத்துண்டிருக்கேள்னுதான் ருக்கு அவ்வளவு அவசரமா கண்டுபிடிக்கறா. நீங்க இல்லேன்னா அவளுக்கு என்ன அவசரம்? ஆடி அசைஞ்சுண்டு அடுத்த வருஷம் கண்டுபிடிப்பா" என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உத்தரவை மறுபடி எடுத்துப் பார்த்து, "இதுல கையெழுத்து போட்டிருக்கறது யாரு?" என்று கேட்டாள்.

ஆகையால், புதிய தொடரின் முதல் அத்தியாயத்தில் ஒரு சாவு அவசியம் என்று தாங்கள் கருதியது முற்றிலும் சரி. அதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஜம்பு மட்டும் இருக்கட்டும், சாகிறவர் ஓர் அண்டர் செக்ரட்டரி. இவள் எழுதுவது பலிக்கும் என்று நான் மேலே எழுதியதெல்லாம் மூட நம்பிக்கை, தாங்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு தயங்கவேண்டாம். பெயரை இனிஷியலோடு இவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் என்னைவிட ரொம்பக் குள்ளம், ஹோல்டாலில் தாராளமாக அடங்குவார்.