விசில் வராத கோழி சூப்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பேங்க்கிலிருந்து கடிதம் வந்தால் பயம். லிஃப்ட்டில் தனியாகப் போனால் பயம், கூட யாராவது ஏறினால் அதைவிடப் பயம். அப்படிப்பட்ட ஆள் ஒரு கோழியை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே எரிக்கப் பார்த்தான் என்றால் நம்புவீர்களா? என் மனைவி செல்வி நம்புவாள். ஜெர்மனியில் இருக்கிற தமிழர்களில் பாதிப் பேருக்கு அவள் இதைச் சொல்லி முடித்துவிட்டாள். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

2006 ஜனவரி. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஒரு கம்பெனியில் எஞ்சினியர் வேலை. (என்ன எஞ்சினியர் என்று இப்போது சொல்ல மாட்டேன். அதற்கு நேரம் வரும்.) இரண்டாம் மாடியில் குடியிருந்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா ஃப்ராவ் லிண்ட்னர். எழுபது வயது, தனியாள். வீட்டு விதிகள் என்று நாலு பக்கம் அச்சடித்து மாடிப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

செல்வியும், பிறந்து ஏழு மாதமான மகள் இனியாவும் திண்டுக்கல்லில் இருந்தார்கள். மகளை நான் நேரில் பார்த்தது மொத்தம் பன்னிரண்டு நாள். அவர்களுக்கு விசா வேண்டுமென்றால், "இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் குடியிருக்க எனக்குச் சம்மதம்" என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த நேரம். அதை விட்டால் அடுத்த டெர்மினுக்குள் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தோடு கீழே போனேன்.

"குழந்தையா?" என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். "இது பழைய வீடு. எல்லாச் சத்தமும் கேட்கும்."

"எங்கள் குழந்தை அழவே அழாது" என்றேன். (முந்தின நாள் செல்வியோடு அரை மணி நேரம் போன் பேசினேன். இரண்டு பேர் குரலும் எனக்குக் கேட்கவில்லை, இனியா அழுததுதான் கேட்டது.)

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அழவே அழாதா?"

"அழவே அழாது."

"யோசிக்கிறேன். வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள்."

செவ்வாய்க்கிழமை அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு மாடி தாண்டி எனக்குக் கேட்டது. அந்த இருமல்தான் என் புத்தியைத் தூண்டிவிட்டது. இந்த ஊரில் சளி பிடித்தால் கோழி சூப்தான் மருந்து. வியாழக்கிழமை வெறும் காகிதத்தோடு போவானேன்? ஒரு சட்டி சூப்போடு போனால் எந்த மனசும் இளகாதா?

அதற்கென்றே என்னிடம் ஒரு சாமான் இருந்தது. நியூ ஜெர்சியிலிருக்கும் என் அக்கா, ஊருக்குப் போகிற வழியில் எர்லாங்கனில் என்னோடு இரண்டு நாள் தங்கியபோது கொண்டு வந்து கொடுத்த ஸ்லோ குக்கர். உள்ளே கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி.

"காலைல எல்லாத்தையும் போட்டுட்டு ஆபீசுக்குப் போ. சாயங்காலம் வந்து குடி. உன்ன மாதிரி சோம்பேறிக்குன்னே செஞ்சிருக்கான்" என்றாள்.

"எத்தன விசில்க்கா?"

"விசிலே வராதுடா."

"அப்ப வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எட்டு மணி நேரம் கழிச்சும் வேகலைன்னா அது கோழியே இல்லடா, கூமுட்டை."

விசில் இல்லாத சமையலை நம்ப எனக்கு மனம் வரவில்லை. குக்கர் விசில் அடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று எண்ணுகிற பரம்பரை நாங்கள். ஆனாலும் வியாழக்கிழமை காலை துணிந்துவிட்டேன். நாலு கோழிக்கால், கேரட், உருளைக்கிழங்கு, ஒரு கைப்பிடி பார்லி, இஞ்சி, பூண்டு, தட்டிய மிளகு சீரகம், சட்டி நிறையத் தண்ணீர். அமெரிக்க பிளக் இங்கே சுவரில் நுழையாது, அதனால் அடாப்டரில் மாட்டிச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏழரைக்கு சைக்கிளை எடுத்தேன்.

பத்து மணிக்கு ஆபீஸ் காப்பி மெஷின் பக்கத்தில் நாதன் அண்ணை நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷம் முன்னால் அகதியாக வந்து கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் இருந்துவிட்டு, இப்போது எங்கள் கம்பெனி டெஸ்டிங் கூடத்தில் டெக்னீஷியன்.

"என்ன தம்பி, இண்டைக்கு முகம் பூரிச்சுக் கிடக்கு?"

"வீட்டுல சூப் வெந்துக்கிட்டிருக்குண்ணே."

"ஆர் சமைக்கினம்?"

"யாருமில்லண்ணே, அதுவா வேகும்" என்று குக்கரின் அருமை பெருமைகளை எடுத்துவிட்டேன்.

"நல்ல சாமானா இருக்கே. உதை எங்கை வாங்கினீர்?"

"அக்கா அமெரிக்காவுலருந்து கொண்டு வந்தா."

அண்ணை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அமெரிக்காச் சாமானோ? அப்ப அது நூத்திப்பத்து வோல்ட் எல்லே? இஞ்சை இருநூத்தி முப்பது. ட்ரான்ஸ்ஃபோமர் ஏதும் போட்டனீரோ?"

"அடாப்டர் போட்டிருக்கேன்ணே."

"அடாப்டர் பின்னைத்தானே மாத்தும், தம்பி? கரண்டை மாத்தாது எல்லே!"

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் டிரான்ஸ்ஃபார்மர் எஞ்சினியர். ஒரு வோல்டேஜை இன்னொரு வோல்டேஜாக மாற்றுவது எப்படி என்று படித்து, அதற்கென்றே விசா கொடுத்து ஜெர்மனி கூப்பிட்ட ஆள். லேப்டாப், செல்போன் சார்ஜர் எல்லாம் எந்த ஊர் கரண்டிலும் ஓடுமே, அந்தப் பழக்கத்தில் செருகிவிட்டேன் என்று வேண்டுமானால் சாக்குச் சொல்லலாம். அண்ணையிடம் சொல்லவும் செய்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நிண்டு கதைக்காதையும். வீட்டிலை ஆரும் இருக்கினமோ?"

அப்போதுதான் எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. ஃப்ராவ் லிண்ட்னர். இருமல் மருந்து குடித்துவிட்டுக் காலையெல்லாம் தூங்குகிறார் என்று தபால்காரர் சொல்லியிருந்தார்.

"அந்த மனிசிக்கு போன் பண்ணும்!"

"நம்பர் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்குண்ணே."

"அப்ப ஃபயர் பிரிகேட்டுக்கு அடியும்! நான் டெஸ்டை விட்டிட்டு வர ஏலாது, மெஷின் ஓடுது. நீர் அடிச்சிட்டு ஓடும்!"

போனைக் கையில் எடுத்தேன். அடிக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காவிட்டால்? வண்டி வந்து நின்றால் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே, கையெழுத்துப் போகுமே என்று என் புத்தி கணக்குப் போட்டது. மேல்மாடியில் தீயை வைத்துவிட்டு, கீழே ஒரு மனுஷி தூங்குகிறாள் என்று தெரிந்தும், நான் பயந்தது ஒரு கையெழுத்துக்கு. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சைக்கிளை நோக்கி ஓடினேன்.

ரோடெல்லாம் பனிக்கட்டி. கையுறையை ஆபீசிலேயே விட்டுவிட்டேன். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு என்று, காலையில் வேலை செய்யாத மூளை இப்போது அருமையாகக் கணக்குச் சொன்னது. ஒரு முறை விழுந்தேன். எழுந்து மிதித்தேன். கடவுளே, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, விசா கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில், விசாவும் கிடைத்தால் நல்லது என்று சேர்த்துக்கொண்டேன்.

பாலத்தருகே ஒரு தீயணைப்பு வண்டி என்னைத் தாண்டிப் போனது. சைரன் இல்லை. மற்ற யாராக இருந்தாலும் நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்கோ, சைரன் போடவில்லையென்றால் இனிமேல் அவசரமில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. வண்டி நேராகப் போய்விட வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டேன். அது எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி எங்கள் வாசலில் நின்றது. நீண்ட ஏணி மேலே ஏறி, சரியாக என் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் முட்டியிருந்தது. அதன் உச்சியில் ஹெல்மெட் போட்ட ஒருவர் கோடரியால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நொறுங்குகிற மாதிரி சத்தம்.

நடைபாதையில், கோட்டும் மஃப்ளருமாக ஃப்ராவ் லிண்ட்னர் நின்றிருந்தார். உயிரோடு!

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பனியில் சறுக்கி, நேராக அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கத்த ஆரம்பித்தேன்.

"ஃப்ராவ் லிண்ட்னர்! நான்தான்! தீ நான்தான்! கோழி என்னுடையதுதான்!"

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அணை உடைந்த மாதிரி வந்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் போட்டதும் நான்தான்! மாடிப்படியில் நாறியது என் கருவாடு! பனி வாருகிற முறை வந்தபோது வாராமல் உப்பைக் கொட்டினேன்! பழத்தோலைத் தப்பான குப்பைத் தொட்டியில் போட்டேன், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில்! என் குழந்தை அழும்! ராத்திரியெல்லாம் அழும்! நான் பொய் சொன்னேன்!"

ஏணிக்காரர் கோடரியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். வண்டிப் பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் மெதுவாகக் கேட்டார்:

"எந்தத் தீ?"

ஒன்றுமில்லை. கூரை விளிம்பில் ஆளுயரத்துக்குப் பனி ஊசிகள் தொங்கிக்கொண்டிருந்தனவாம். நடப்பவர் தலையில் விழுந்துவிடக் கூடாதென்று ஃப்ராவ் லிண்ட்னர்தான் போன் செய்து அவர்களை வரச் சொல்லியிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு "குட்டன் டாக்" சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

"ஆனால் நீங்கள் தீ என்று சொல்லிவிட்டீர்கள்" என்றார் மீசைக்காரர். "இனிமேல் நாங்கள் பார்த்தே ஆக வேண்டும்."

நாலு ஜோடி பூட்ஸ் என் மாடிப்படியில் ஏறின. பின்னால் இருமிக்கொண்டே ஃப்ராவ் லிண்ட்னர். கதவைத் திறந்தேன்.

தீ இல்லை. மற்ற எல்லாம் இருந்தது. பீங்கான் சட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. சூப் பொங்கி மேடை, டிராயர், தரை என்று வழிந்திருந்தது. சீரகம் சுவரேறியிருந்தது. ஒரு கேரட் ஜன்னல் விளிம்பில் கிடந்தது, அங்கே எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம் மூக்கை அடைத்தது. சூப் உள்ளே இறங்கி ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருந்தது. அதுதான் எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறது. மீசைக்காரர் உருகிப்போன அடாப்டரைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மேடை பிடித்திருக்கும். இதைச் செருகியது யார்?"

"நான்."

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"டிரான்ஸ்ஃபார்மர் எஞ்சினியர்."

அவர் அடாப்டரைக் கீழே வைத்தார். பிறகு ஜன்னலைத் திறந்து, ஏணியில் இருந்தவரிடம், "இவர் சொல்வதை நீயும் கேள்" என்று சொல்லி, என்னை இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

ஃப்ராவ் லிண்ட்னர் கேரட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மத்தியானமெல்லாம் தரையைத் துடைத்தேன். செல்வி இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கத் தைரியமில்லை. ஃப்ரீசரில் இன்னும் இரண்டு கோழிக்கால் இருந்தன. விசா போனாலும், வீடு போனாலும், இருமுகிற மனுஷிக்கு நினைத்தபடி ஒரு சூப்பாவது கொடுத்துவிட்டுப் போவோம் என்று, ஐந்தரைக்கு நம் ஊர் பிரஷர் குக்கரை அடுப்பில் ஏற்றினேன்.

முதல் விசில் அடித்தது. அரை நிமிஷத்தில் என் கதவு இடிபட்டது. ஃப்ராவ் லிண்ட்னர் நின்றார். ராத்திரி உடைக்கு மேல் கோட்டு, கையில் கைப்பை, கக்கத்தில் அவருடைய இறந்துபோன கணவரின் படம். தப்பி ஓடத் தயாராக வந்திருந்தார்.

"இப்போது என்ன?"

"பயப்படாதீர்கள். இதுதான் சரியான சத்தம். இன்னும் மூன்று வர வேண்டும்."

அவர் உள்ளே வந்து, அடுப்பிலிருந்து எட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். படத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் துள்ளி விழுந்து, விரல்விட்டு எண்ணினார். இரண்டு கிண்ணம் குடித்தார். மிளகுக் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கரண்டியைக் கீழே வைத்தார்.

"வாஷிங் மெஷின் எனக்குத் தெரியும். உப்பும் தெரியும். கருவாடுதான் தெரியாது. சாக்கடை என்று நினைத்து பிளம்பரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குழந்தை ரொம்ப அழுமா?"

"ரொம்ப அழும்" என்றேன். பொய் சொல்ல என்னிடம் அன்றைக்குத் தெம்பு மிச்சமில்லை.

"நான் மூன்று பெற்றவள். அழவே அழாத குழந்தை என்று ஒருவன் சொன்னால், குழந்தையை டாக்டரிடம் காட்டு என்பேன், அவனுக்கு வீட்டைக் கொடுக்க யோசிப்பேன். எங்கே அந்தக் காகிதம்?"

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். மறுநாள் வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "குடியிருப்பவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கோழி சமைக்கக் கூடாது." எங்கள் விசா ஃபைலில் அந்த வரி இன்றும் இருக்கும்.

ஏப்ரலில் செல்வியும் இனியாவும் வந்தார்கள். இனியா முதல் ராத்திரி விடிய விடிய அழுது என் வாக்கைக் காப்பாற்றினாள். ஃப்ராவ் லிண்ட்னர் செல்வியிடம் முதல்முதலாக முழுசாகச் சொன்ன கதை இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஜெர்மன் தெரியாது, இருந்தும் நான் சறுக்கி உட்கார்ந்தது உட்பட எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

இனியாவுக்கு இப்போது கல்லூரி வயது. தெருவில் எந்தத் தீயணைப்பு வண்டி போனாலும் எனக்கு இன்னும் உள்ளங்கால் சில்லிடும், கை தானாக அடுப்பை அணைக்கப் போகும். அவள் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"அப்பா, வந்துட்டாங்க. போய் ஒத்துக்கிட்டு வந்துடுங்க."