தலைவருக்கு நூற்றைம்பது கதிரை

தமது வீட்டின் தலைவர் தாமே என்பதை எழுத்தில் நிலைநாட்டிவிடுவது என்று, ஒரு திங்கட்கிழமை காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சின்னமுத்து முடிவு செய்தார்.

காரணம் இருந்தது. ஹேவாஹெட்டத் தோட்ட அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்து, நாற்பது பேரை ஒரே கனைப்பில் அடக்கியவர் அவர். ஓய்வுபெற்று அம்பிட்டியவுக்கு வந்தபின் அந்தக் கனைப்புக்குப் பூனைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவி அழகம்மா கண்டியில் ஒரு மருந்தகத்தின் மேலாளர். காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் மாலையில்தான் திரும்புவார். சமையலும் துவையலும் சின்னமுத்துவின் இலாகா. அதுகூடப் பரவாயில்லை. கட்டாரிலிருந்து பேசும் மகள், "அப்பா, சாப்பிட்டீங்களா? அம்மாக்கிட்ட குடுங்க" என்பாள். தபாற்காரருக்கோ அது "அழகம்மா மிஸ் வீடு."

அன்றும் மேசைமேல் மரண உதவிச் சங்கத்தின் புதிய படிவம் கிடந்தது. 'குடும்பத் தலைவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. சின்னமுத்து தோட்டத்து விடுதியில் தங்கியிருந்த காலந்தொட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் அழகம்மாவின் பெயர்தான். அவர் கையைத் துடைத்தார். முத்துமுத்தாகத் தம் பெயரை எழுதினார். மை உலருமுன் சங்கச் செயலாளர் ராஜரத்தினத்தின் கடைக்கு நடந்தார்.

"தங்கச்சி பேருதானுங்களே அண்ணே இருந்துச்சு?"

"இனி என் பேரு. வீட்டுக்கு ஆம்பிளை நான் இருக்கேன்ல?"

ராஜரத்தினம் அவரைத் தலைமுதல் கால்வரை அளந்தார். "வயசு?"

"அறுபத்தொண்ணு. கல்லு மாதிரி இருக்கேன்."

"அது போதுமுங்க" என்று முத்திரையைக் குத்தினார்.

மாலையில் சின்னமுத்து போருக்கு ஆயத்தமாக நின்றார்.

"அழகு, சங்கத்துல பேரை மாத்திட்டேன். இனி தலைவர் நான்."

"அப்படியா? சந்தோசங்க. நீங்கதானே இருக்கணும்!" என்று, பொரித்த மீனில் பெரிய துண்டை அவருக்கே வைத்தார் அழகம்மா. ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதினான்கு வாதங்களும் வீணாயின.

வியாழன் காலை வாசலில் ராஜரத்தினம். மேற்சந்தில், தொண்ணூற்று நான்கு வயதில், வீரையா தாத்தா காலமாகிவிட்டார்.

"தலைவரே, வாங்க. சனம் உக்கார நூத்தம்பது கதிரை தூக்கணும். கோயில் மண்டபத்துல இருந்து மேல்சந்துக்கு."

"லொறியில ஏத்துறது?"

"லொறி போற பாதையா அது? நூத்துப் பன்னெண்டு படியுங்க."

"அழகம்மா ஒரு கதிரையும் தூக்கினதில்லையே!"

"பொம்பளைங்க பேருன்னா தேத்தண்ணி ஊத்துறதோட சரி. ஆம்பிளைத் தலைவருன்னா கதிரை, கூடாரம். சங்கத்துச் சட்டமுங்க."

"அப்ப மறுபடி பேரை மாத்திருங்க!"

"அடுத்த பதிவுக்கு மூணு வருசம் இருக்கு."

சின்னமுத்து உள்ளே பரிதாபமாகப் பார்த்தார். அழகம்மா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பன்னெண்டு வருசமா ஒவ்வொரு சாவுக்கும் லீவு போட்டு ஓடினேன். போயிட்டு வாங்க தலைவரே, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மாலையில், குப்புறக் கிடந்த தலைவரின் தோளில் அழகம்மா தைலம் தேய்த்தார். மிகுந்த பரிவோடுதான் தேய்த்தார்.

"ஒரு சந்தேகம், அழகு. நீ எதையும் அன்னைக்கே எழுதி முடிக்கிற ஆளு. அந்தப் படிவத்தை மட்டும் ஏன் ஒரு வாரமா மேசையில போட்டு வச்சிருந்தே?"

"பக்கத்துல பேனாவையும் வச்சிருந்தேனே, பாக்கலையா?"