நீ அனுப்பிய பந்தும் நாங்கள் தேடிய பேரும்

திருப்பூர்,
வியாழக்கிழமை.

என் அன்புக்கும், தற்சமயம் ஆத்திரத்துக்கும் உரிய அண்ணன் வீரணன் அவர்களுக்கு, தங்கை அனுசுயா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் உன் மருமகள் அபிராமியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்றும் எழுதலாம்தான். ஆனால் அபிராமியின் முழங்கால், என் தூக்கம், சமையலறை ஜன்னல் கண்ணாடி மூன்றும் நலமாக இல்லாததால் பொய் எழுத மனம் வரவில்லை. அங்கே நீயும் மதினியும் நீ ஓட்டும் துறைமுகத்துக் கிரேனும் சுகமாக இருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் சிரிக்கிறாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். தாளுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது என்பதால் தாளில் எழுதுகிறேன். ஜனவரியில் நீ மருமகளின் பிறந்தநாளுக்குக் கால்பந்து அனுப்பியபோதே எழுதியிருக்க வேண்டும். ஒரு பட்டுப்பாவாடை அனுப்பியிருந்தால் ஒருநாள் கட்டிவிட்டு மறந்திருப்பாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு யாராவது பந்து அனுப்புவார்களா அண்ணே? பக்கத்தில் நீ இருந்திருந்தால் அதே பந்தை உன் மேல் எறிந்திருப்பேன். அதுவும் பயனில்லை, அபிராமி குறுக்கே பாய்ந்து பிடித்திருப்பாள். முகத்தால்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையில் சிறுவர் கால்பந்துப் போட்டி. உன் மருமகள் கோல்கீப்பர். அவள் போகக் கூடாது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், அவள் அப்பா சொல்லவே மாட்டார், மாமா சொன்னால் கேட்பாள். இது கிடைத்ததும் போன் போட்டுக் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல். மற்ற பிள்ளைகளாவது பந்தைத் துரத்துகிறார்கள். பந்து தன்னைத் தேடி வரட்டும் என்று நட்டநடுவில் நிற்கும் வேலையை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? போன மாதம் மூக்கில் பட்டு மூக்கு குடைமிளகாய் மாதிரி ஆகிவிட்டது. ஓனரம்மா கமலாம்பாள் அக்கா ஓடிவந்து ஊத்துக்குளி வெண்ணெயை அப்பிவிட்டார். எங்கள் தெரு நாய் அன்று முழுக்க அவளைவிட்டு நகரவில்லை.

அணி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கமலாம்பாள் அக்காவின் கணவர் வேலுமணி அய்யாதான் எங்கள் வீட்டு ஓனர். அவருடைய பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. காலி என்பது பேச்சுக்கு. வாரநாட்களில் நூல் வண்டியும் துணி வண்டியும் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை ஷிப்மெண்ட் அவசரம் என்று இன்னும் இரண்டு வண்டி கூடுதலாக நிற்கும். மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அது நிஜமாகவே காலி. பராமரிப்பு வேலை என்று மின்வாரியம் காலையிலிருந்து மாலை ஐந்துவரை கரண்டை நிறுத்துகிற நாள். இந்த ஊரே அதை ஷட்டவுன் என்றுதான் சொல்லும். அன்று மெஷின் ஓடாது, வண்டி வராது. ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத எங்களைப் போன்றவர்கள் அன்றைக்குத்தான் பெற்ற பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். உன் மாப்பிள்ளை ஜெயபாண்டியின் பிரிண்டிங் பட்டறைக்கும் அன்று லீவு. அப்படி ஒரு ஷட்டவுனில் அபிராமி பந்தோடு இறங்கினாள், தெருப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் திருமூர்த்தி தன் மகனோடு வந்தார். அவரிடம் சொந்தமாக விசில் இருந்ததால் அவர் கோச் ஆகிவிட்டார். மாதம் ஒருநாள் மட்டுமே பயிற்சி எடுக்கும் அணி இந்தியாவிலேயே இதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை கற்றதை அடுத்த ஷட்டவுனுக்குள் மறந்துவிடுவார்கள், திருமூர்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கோல்கீப்பருக்குக் கையுறை கிடையாது. துணி வெட்டும்போது கை போகாமல் இருக்கக் கட்டிங் மாஸ்டர் போடும் இரும்பு வலைக் கையுறையை அபிராமி மாட்டிக்கொள்வாள். அதுவும் ஒரு கைக்குத்தான் உண்டு. இன்னொரு கை கடவுள் விட்ட வழி.

இப்படியே போயிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். உடுமலைக்காரர்கள் போட்டிக்கு அழைத்தார்கள். அணியின் பெயரும் ஊரும் போன சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு அணியைச் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. பேர் வைப்பதற்கு முன்பே ஜெர்சி தைத்துவிட்டார்கள். சாயப் பட்டறையில் ஷேட் தவறிப்போய், வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளிய ஒரு பச்சை வேலுமணி அய்யாவிடம் கிடந்தது. பாசிப்பயறும் பாகற்காயும் சண்டை போட்டதுபோல ஒரு நிறம். ஒரே மதியத்தில் வெட்டி, தைத்து, பிசிறு எடுத்து, மடித்து, பாலித்தீன் கவரில் போட்டு அளவு ஸ்டிக்கர்கூட ஒட்டிவிட்டார்கள். நெஞ்சுப் பக்கம் மட்டும் பேருக்காகக் காலியாக இருந்தது. உலகத்துக்கெல்லாம் பேர் அச்சடித்து அனுப்புகிற ஊரில் சொந்தப் பிள்ளைகளுக்குப் போட ஒரு பேர் இல்லை.

சனிக்கிழமை ஷட்டவுன். மூன்று மணிக்குக் கம்பெனிக்குள் கூட்டம். ஃபேன் இல்லை, எல்லோரும் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தால் இவர்கள் மெஷினைப் பார்த்து ஓடிவிடுவார்கள். அதுவரை பேர் முடிவாகக் கூடாது. பேர் இல்லையென்றால் போட்டி இல்லை, போட்டி இல்லையென்றால் என் பிள்ளையின் மூக்கு பிழைக்கும். இதற்காகவே ஒரு வாரமாக வெளிநாட்டு கிளப்புகளுக்கெல்லாம் எப்படிப் பேர் வந்தது என்று போனில் படித்து வைத்திருந்தேன். பி.காம். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

முதலில் வேலுமணி அய்யா எழுந்தார். "பேருக்கு என்னத்துக்குங்க இத்தன ரோசன? நம்ம கம்பெனி பேரையே வெச்சுப்போடலாமுங்க. கந்தவேல் நிட்டிங் எஃப்.சி. துணி நம்முளுது, எடம் நம்முளுது, முருகன் பேருமாச்சு."

எல்லோரும் தலையாட்டப் போனார்கள். நான் உடனே, "நல்ல பேருங்கய்யா. லண்டன்லயும் பீரங்கித் தொழிற்சாலை ஆளுங்க சேந்து இப்படித்தான் ஆர்சனல்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் டீம் ஆத்தைத் தாண்டி ஊருக்கு அந்தக் கோடிக்குப் போயிருச்சு. பேரு மட்டும் இன்னும் ஆயுதக் கிடங்குன்னே இருக்கு. நீங்களும் கம்பெனியைப் பல்லடம் ரோட்டுக்கு மாத்தப் போறதாப் போன்ல பேசிட்டிருந்தீங்களே, பேரு பொருந்துமா?" என்றேன்.

அந்த இடமாற்றம் இன்னும் யாருக்கும் சொல்லப்படாத ரகசியம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் மனைவிக்கே தெரியாதாம். கமலாம்பாள் அக்கா விசிறியைக் கீழே வைத்தார். "பல்லடம் ரோடுங்களா? எப்பங்க? நானெல்லாம் இந்த ஊட்டுல இருக்கறேன்னு நெனப்பு இருக்குதுங்களா?" அந்த விவாதம் இருபது நிமிடம் நடந்தது. எனக்கு இருபது நிமிடம் லாபம்.

அடுத்து உன் மாப்பிள்ளை. "தென்பாண்டி யுனைடெட்னு வைப்போம்யா. பாதிப் பிள்ளைக நம்ம பக்கத்துப் பிள்ளைகதான? வந்து பன்னெண்டு வருசமாச்சு, இன்னும் தெக்கத்தியாளுகன்னுதான சொல்லுதாக. அதையே பேரா வச்சுட்டா என்ன செய்வாக?"

திருமூர்த்திக்கு முகம் சுருங்கியது. "அப்பொறம் எங்களுக்கென்னங்க வேல அங்க? விசில் என்னுதுங்க. அனுப்பர்பாளையம் சிட்டின்னு வெய்ங்க."

"சிட்டியா? உம்ம ஊரு எப்பய்யா சிட்டியாச்சு?"

"தென்பாண்டி எப்பங்க திருப்பூருக்கு வந்துச்சு?"

நான் சமாதானம் செய்பவள்போல நடுவில் புகுந்தேன். "எதுக்குங்க சண்டை? இங்கிலாந்துல எவர்ட்டன்னு ஒரு டீம். வாடகைச் சண்டையில கிரவுண்டு ஓனரோட முறைச்சுக்கிட்டுக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. வெறுங் கிரவுண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அந்த ஓனர் புதுசா ஒரு டீம் ஆரம்பிச்சாரு. அதுதான் லிவர்பூல். இன்னிக்கும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல முறைச்சுக்கிட்டுத்தான் இருக்குது."

சண்டையின் தீமையை விளக்கத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்வேன். வேலுமணி அய்யாவுக்கு அதில் வேறு வழி தெரிந்துவிட்டது. "ஓனரு தனியா ஆரம்பிச்சாருங்களா? செயிச்சாருங்களா?"

"நல்லாவே ஜெயிச்சாங்க."

"அப்ப நானும் தனியா ஆரம்பிச்சுக்கறனுங்க. கிரவுண்டு என்னுதுங்க, ஜெர்சி என்னுதுங்க."

"பந்து எங்க வீட்டுது!" என்று உன் மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். திருமூர்த்தி விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒருவரிடம் கிரவுண்டு, ஒருவரிடம் பந்து, ஒருவரிடம் விசில். அணி மூன்றாகிவிட்டது. நான் மனதுக்குள் முருகனுக்கு நன்றி சொன்னேன்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு பேர் சொல்லுங்கள் என்று யாரோ கேட்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் 'இளம் பையன்கள்' என்றே ஒரு கிளப் இருக்கிறது, நூறு வயதைத் தாண்டியும் இன்னும் இளம் பையன்கள்தான் என்றேன். மூட்டை மேலிருந்து அபிராமி, "நான் பையன் இல்லையே. நான்தான கோல்கீப்பர்?" என்றாள். அந்தப் பேரும் அங்கேயே செத்தது.

மணி நாலே முக்கால். இரும்புக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் உன் மருமகள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். காலியாக இருந்த ஜெர்சியின் நெஞ்சுப் பக்கத்தைத் தடவிக்கொண்டே, "எந்தப் பேருன்னாலும் பரவால்லம்மா" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சங்கடத்தில்தான், சும்மா இருக்க முடியாமல், மிச்சமிருந்த ஒரே கதையையும் எடுத்துவிட்டேன்.

"இதுக்கெல்லாமா அடிச்சுக்குவாங்க? ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு. கத்தி, கரண்டி செய்யற ஊரு."

"எங்கூராட்டங்களா?" என்று திருமூர்த்தி நிமிர்ந்தார்.

"ஆமாங்க. அங்க அந்த ஆளுங்களுக்குப் புதன்கிழமை மத்தியானந்தான் லீவு. அன்னிக்குத்தான் ஆடுவாங்க. பேரையும் புதன்கிழமைன்னே வெச்சுட்டாங்க. ஷெஃபீல்டு வெட்னஸ்டே. அந்தக் கணக்குக்கு நமக்கு ஷட்டவுன்னுதான் வைக்கணும். திருப்பூர் ஷட்டவுன்!"

கிண்டலாகத்தான் சொன்னேன் அண்ணே. மெஷின் ஓடும் நாளாக இருந்திருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. அன்று ஒரு ஊசிச் சத்தம்கூட இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒடிசாக்காரர் பிரமோத், அவர் மகன்தான் நம் அணிக்கு வலதுபக்கம், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், மெல்லச் சொன்னார். "ஷட்டவுன் நல்ல பேர் அக்கா. எங்க ஊர்ல அம்மாக்குக்கூடத் தெரியும். அன்னிக்குத்தான் நான் ரொம்ப நேரம் போன் பேசுவேன்."

"எனக்கும் அன்னைக்குத்தான மதியச் சோறு வீட்டுல" என்றார் உன் மாப்பிள்ளை.

"கம்பெனி பல்லடம் போனாலும் ஷட்டவுன் வருமுங்களே" என்றார் வேலுமணி அய்யா, மனைவியைப் பார்க்காமல்.

திருமூர்த்தி விசிலை வெளியே எடுத்து ஊதிவிட்டு, அதே மூச்சில் உடுமலைக்குப் போன் போட்டுப் பேரைச் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. அத்தனை மெஷினும் ஒன்றாகக் கத்தின. நான் "ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றது எவர் காதிலும் விழவில்லை. போதாக்குறைக்குப் பேர் வைத்தவர் என்று என்னையே கழகச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். இப்போது பச்சை ஜெர்சியில் வெள்ளை எழுத்தில் "திருப்பூர் ஷட்டவுன்" என்று அடித்து, எங்கள் வீட்டுக் கொடியில்தான் காய்கிறது.

ஆகவே அண்ணே, இந்த அநியாயத்தை நீ ஒருவன்தான் நிறுத்த முடியும். போன் போடு. கனமான குரலில் பேசு. மதினிக்கு என் அன்பு. உன் கிரேன் தூக்குகிற பெட்டியெல்லாம் பத்திரமாகக் கரை இறங்கட்டும், உன் கையில் எப்போதும் பலம் இருக்கட்டும். பந்து கண்டுபிடித்த ஆளுக்கு மட்டும் என் வாழ்த்து கிடையாது.

இப்படிக்கு,
உன் தங்கை
அனுசுயா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்து பையிலேயே வைத்திருந்துவிட்டேன். இப்போது உடுமலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன், எழுத்து ஆடினால் ரோட்டைத் திட்டு. மேலே எழுதிய எதையும் படிக்காதே, படித்துவிட்டிருந்தால் மறந்துவிடு. ஆறு கோல் விழுந்தது. ஏழாவதை அபிராமி பிடித்தாள் அண்ணே, கையால்! நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியதால் நடுவர் என்னை எச்சரித்தார், அதை மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். அவளுக்கு இரண்டு கைக்கும் நல்ல கையுறையாகப் பார்த்து அனுப்பு. அவசரம் இல்லை, ஆனால் உடனே. இன்னொரு செய்தி, அடுத்த மாதம் எங்கள் பக்கம் பராமரிப்பு வேலை எதுவும் கிடையாதாம், ஷட்டவுன் இல்லையாம். பிள்ளைகள் எப்படிப் பயிற்சி எடுப்பார்கள்? நாளைக் காலையில் மின்வாரியத்துக்குப் போய், சனிக்கிழமை தயவுசெய்து கரண்டை நிறுத்துங்கள் என்று செயலாளர் என்ற முறையில் மனுக் கொடுக்கப் போகிறேன். இந்த ஊரில் இப்படி ஒரு மனுவை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் போன் போட்டுச் சொல். கட்டைவிரல் வேண்டாம்.